வந்த வேகத்தில் போகும் வெளிச்சங்கள்: கொங்கு நாட்டு ராத்திரிக் குறிப்புகள்

வியாழன், காங்கேயம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணக் கட்டுரையில் அருவி இல்லை, அணைக்கட்டு இல்லை, செல்ஃபி எடுக்க ஓர் இடமும் இல்லை. பகலில் தூங்கி, ராத்திரியில் முழித்திருந்து, வானத்தின் ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கப் போகிறேன். பிடித்திருந்தால் கூடவே வாருங்கள்.

தேடுவது, வானத்தில் திடீரென்று தோன்றி, வந்த வேகத்திலேயே மங்கிப் போகும் ஒளிகளை. சூப்பர்நோவா பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நட்சத்திரம் வெடிக்கும், வாரக்கணக்கில் நின்று எரியும், ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்வது வேறு ரகம். சில நாளில், சில மணி நேரத்தில், சில சமயம் ஒரு நிமிஷத்துக்குள்ளேயே கதை முடிந்துவிடும்.

2008 மார்ச் 19 அன்று நடந்ததைக் கேளுங்கள். சுவாதி நட்சத்திரம் இருக்கிற பூட்டஸ் மண்டலத்தில் ஒரு காமாக் கதிர் வெடிப்பு, அதாவது எக்ஸ் கதிரைவிட வீரியமான கதிர்கள் திடீரென்று பீறிடுவது. தூரம் 750 கோடி ஒளியாண்டு. அவ்வளவு தூரத்திலிருந்து வந்த வெளிச்சம், அரை நிமிஷம் போல வெறும் கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு ஏறி இறங்கியது. நமக்கு அப்போது பகல் 11.42. இரவாக இருந்த நாடுகளிலும் கண்ணால் பார்த்ததாக ஓர் ஆள் கிடையாது. சிலி நாட்டில், போலந்துக்காரர்கள் வைத்திருந்த ‘பை ஆஃப் தி ஸ்கை’ என்ற சின்னக் கேமரா அமைப்பும், ‘டார்டோரா’ என்ற இன்னொரு கேமராவும் அதைப் பதிவு செய்தன. அதற்கு அரை மணி நேரம் முன்னால்தான், பத்து டிகிரி தள்ளி இன்னொரு வெடிப்பு நடந்திருந்தது. அதைப் பார்க்கச் சில கருவிகள் ஏற்கெனவே அந்தப் பக்கமே திரும்பியிருந்தன. இந்தத் துறையில் பாதி உழைப்பு, பாதி இப்படி அடிக்கிற யோகம்.

என்னிடம் இருப்பது பெரிய சரக்கு ஒன்றும் இல்லை. ஒரு பழைய கேமரா, 135 மி.மீ. லென்ஸ், பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகக் கேமராவை மெல்லத் திருப்பும் டிராக்கர், லேப்டாப், ஒரு பைக் பேட்டரி. எல்லாம் ஒரே பையில் அடங்கிவிடும். காந்திபுரத்திலிருந்து பஸ்.

அமாவாசை பார்த்துக் கிளம்பினால் மாசியில் ஒரு வில்லங்கம் உண்டு. அமாவாசைக்கு முந்தின ராத்திரி சிவராத்திரி. கொங்கு நாட்டில் அன்றைக்குக் குலதெய்வம் கோயில் எதுவும் தூங்காது. பல்லடம் தாண்டுவதற்குள் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை, டிரைபாடை மடியில் போட்டுக்கொண்டு வந்தேன். மாமாவின் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, காங்கேயத்திலிருந்து தாராபுரம் ரோட்டில் போய் உள்ளே திரும்ப வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து அங்காளம்மன் கோயிலில் சீரியல் செட், டியூப்லைட், நாலு திசைக்கும் குழாய் ஸ்பீக்கர். வானம் பால் கலந்த மாதிரி வெளுத்துக் கிடந்தது.

“ஏனுங் மாப்ள, இன்னைக்குச் சாமியப் பாருங்க. வானம் நாளைக்கும் அங்கயேதானுங்க இருக்கும்” என்றார் மாமா.

பெரும்பாலும் சரிதான். நாளைக்கு அங்கே இருக்காத மீதிக்காகத்தான் வந்திருக்கிறேன். ஆனாலும் இன்றைக்குக் கோயில்தான். விடிய விடியப் பூசை, நடுவில் சுக்குக் காப்பி.

வெள்ளி, கொறங்காடு

மத்தியானம் அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய். சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் சாயங்காலம் ஆகிவிட்டது.

கொறங்காடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏர் ஓட்டிப் பயிர் வைக்காத மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேலா மரம். காலையில் ஆடு மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் சாயங்காலம் வரை கவலை இல்லை. காங்கேயம் மாடுகள் இந்த நிலத்தில் வளர்ந்தவைதான். எனக்கு வேண்டியதும் இதுதான்: உயரமான மரம் அதிகம் இல்லாத, கம்பத்து விளக்கு இல்லாத, நாலு பக்கமும் அடிவானம் தெரிகிற காடு.

எட்டு மணிக்கு நின்று பார்த்தேன். வடமேற்கில் திருப்பூர் வெளிச்சம், வடக்கே காங்கேயம், அதற்கும் அப்பால் ஈரோடு. மேற்கே கோவையின் சாயல்கூட அடிவானத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தெற்கும் தென்கிழக்கும்தான் உருப்படி. கேமராவை உத்திரத்துக்கும் அஸ்தத்துக்கும் நடுவில் ஒரு கட்டத்தில் வைத்தேன். நடுராத்திரியில் அது நன்றாக மேலே வரும். 60 விநாடிக்கு ஒரு படம், நிறுத்தாமல்.

இந்த லென்ஸும் கேமராவும் ஒரே படத்தில் பிடிக்கும் வானத்தின் பரப்பு சுமார் 66 சதுர டிகிரி. கலிஃபோர்னியாவில் பலோமர் மலையில் இருக்கும் ‘ஸ்விக்கி டிரான்சியன்ட் ஃபெசிலிட்டி’ என்ற வானம் துழாவும் தொலைநோக்கி, சுருக்கமாக இசட்.டி.எஃப்., ஒரு படத்தில் பிடிப்பது 47 சதுர டிகிரி. அதைவிட எனக்கு அகலம் ஜாஸ்தி என்று பெருமை அடித்துக்கொள்ளலாம். ஆழத்தைக் கேட்டால்தான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வானவியலில் வெளிச்சத்தை மேக்னிட்யூடில் சொல்வார்கள், எண் கூடக் கூட மங்கல். என் படத்தில் 13 வரை தெரியும். இசட்.டி.எஃப். அரை நிமிஷ எக்ஸ்போஷரில் 20.5 வரை போகும். 5 மேக்னிட்யூடுக்கு 100 மடங்கு என்பது கணக்கு. இந்த 7.5 வித்தியாசம் ஆயிரம் மடங்கு. நான் பார்க்க முடிவதில் மிக மங்கலானதைவிட ஆயிரம் மடங்கு மங்கலானது அதற்குத் தெரியும்.

5-க்கு 100 என்று 1856-ல் திட்டமாக வகுத்தவர் நார்மன் போக்சன். அவர் 1861-ல் மெட்ராஸ் வந்து நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார், 1891-ல் இறக்கும் வரை இங்கேதான் இருந்தார். புயல் வந்தால் டி.வி.யில் காட்டுவார்களே, மண்டல வானிலை ஆய்வு மையம், அந்த இடம்தான். அதே ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன். நம் பாடப்புத்தகங்கள் ஏன் இதையெல்லாம் விட்டுவிடுகின்றன என்று எனக்கு ஒரு நிரந்தர எரிச்சல் உண்டு.

நான் போக்சனை இழுத்து வந்தது மேக்னிட்யூடுக்காக மட்டும் இல்லை. 1863 மே மாதம், மெட்ராஸிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், விருச்சிகத்தில் இருக்கக் கூடாத இடத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தார். சில நாட்களில் அது மங்கிக் காணாமல் போனது. யூ ஸ்கார்ப்பி என்று பெயர். ஒரு வெள்ளைக் குள்ள விண்மீன், அதாவது எரிந்து ஓய்ந்த நட்சத்திரத்தின் சுருங்கிய மிச்சம், தன் கூட்டாளி நட்சத்திரத்திடமிருந்து வாயுவை இழுத்து இழுத்து மேலே சேர்த்துக்கொள்ளும். ஒரு கட்டத்தில் அந்தப் போர்வை மொத்தமாகப் பற்றி எரியும். பிறகு மறுபடி சேர்க்க ஆரம்பிக்கும். இப்படிப்பட்டவற்றில் யூ ஸ்கார்ப்பி மங்கும் வேகம் அலாதியானது. சாதாரண நாளில் 18-வது மேக்னிட்யூடில் பதுங்கிக் கிடப்பது, 7.5 வரை ஏறி, மூன்றே நாளுக்குள் 3 மேக்னிட்யூட் இறங்கிவிடும். அதாவது வெளிச்சம் பதினாறில் ஒரு பங்கு ஆகிவிடும். 2010 ஜனவரியில் அமெரிக்காவில் ஓர் அமெச்சூர்தான் அதை முதலில் பிடித்தார். 2022 ஜூனில் மறுபடி வெடித்தது.

ஆக, வேகமாக மங்கும் ஒளியைத் தமிழ்நாட்டிலிருந்து பிடித்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்குக் கம்ப்யூட்டர் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வானத்தின் அந்த மூலையில் எந்த நட்சத்திரம் எங்கே இருக்கும் என்பது தலைக்குள் இருந்த ஓர் ஆள், அன்றைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அவ்வளவுதான்.

நள்ளிரவு தாண்டி விருச்சிகம் ஏறியது. அனுஷத்தின் மூன்று நட்சத்திரங்களும் முதலில், பின்னாலேயே சிவப்பாகக் கேட்டை. அனுஷத்துக்கு மேலே வடகிழக்காகக் கொஞ்சம் தள்ளினால் யூ ஸ்கார்ப்பியின் இடம். என் கேமராவுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. தெரிந்தால்தான் சேதி. கேமராவை அங்கே திருப்பி, ஒன்றும் இல்லாததைச் சில படங்கள் எடுத்துவிட்டுப் பழைய கட்டத்துக்கே வந்தேன்.

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது சும்மா இல்லை. இரண்டு மணிக்கெல்லாம் லென்ஸ் வியர்த்துவிட்டது. மாமா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, பழைய கம்பளித் துண்டு ஒன்றை லென்ஸ் கழுத்தில் சுற்றிவிட்டு, “ஆட்டுக்குட்டிக்குக் கட்டறதுங் மாப்ள” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். ஆட்டுப் புழுக்கை வாசம் வந்தது, ஆனால் பனி நின்றுவிட்டது.

சனி, அதே இடம்

காலையில் சிவன்மலை. பக்தர் கனவில் முருகன் கேட்ட பொருளை வைக்கும் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியைப் பார்க்க மாமா மேலே போனார், எனக்குத் தூக்கக் கலக்கம், கீழே பைக்கில் சாய்ந்துகொண்டு செருப்புக்குக் காவல்.

காங்கேயத்தில் உட்கார்ந்துகொண்டு மாட்டைப் பற்றி எழுதாவிட்டால் எப்படி. 2018 ஜூன் 16 அன்று, ஹவாயில் இருக்கும் ‘அட்லஸ்’ என்ற தொலைநோக்கி, திடீரென்று தோன்றிய ஒரு புது ஒளியைப் பிடித்தது. அட்லஸ் உண்மையில் பூமியை நோக்கி வரும் சிறுகோள்களைக் காவல் காக்க வைத்தது. கிடைத்த பொருளுக்கு வரிசைப்படி வைத்த எழுத்துகள் சி, ஓ, டபிள்யூ என்று விழுந்துவிட்டன. பிறகு உலகமே அதைப் ‘பசு’ என்றே கூப்பிட்டது. சுமார் 20 கோடி ஒளியாண்டு தூரத்தில் ஒரு சின்ன கேலக்ஸி. சாதாரண சூப்பர்நோவாவைவிடப் பத்து மடங்குக்கு மேல் பிரகாசம். ஏறுவதற்கு இரண்டு மூன்று நாள், உடனே இறக்கம். சூப்பர்நோவா இந்த வேகத்தில் நடந்துகொள்ளாது. அதிலிருந்து வந்த எக்ஸ் கதிர் விநாடிக்கு 224 முறை துடித்ததைப் பின்னர் கண்டார்கள். அவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும் என்றால் உள்ளே இருப்பது மிகச் சிறியதாக, வெடித்த பெரிய நட்சத்திரத்தின் இறுகிய மிச்சமான நியூட்ரான் விண்மீனாகவோ கருந்துளையாகவோ இருக்க வேண்டும். புனே பக்கம் நாராயண்காவில் இருக்கும் நம் ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியும் அதைப் பின்தொடர்ந்தது. அதற்குப் பிறகு அதே இனத்தில் கோலா, ஒட்டகம், டாஸ்மேனியன் டெவில் என்று ஒரு மிருகக் காட்சிச் சாலையே சேர்ந்துவிட்டது. 2022-ல் கிடைத்த டெவில் இன்னும் விசித்திரம்: வெடித்து மங்கிய பிறகு, மாதங்கள் கழித்தும், நிமிஷக் கணக்கில் பளிச் பளிச்சென்று மின்னிக்கொண்டிருந்தது.

இவற்றைக் கண்டுபிடிக்கும் வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு ருசியான பகுதி. வானத்தின் ஒரு கட்டத்துக்கு முன்பே எடுத்த நல்ல படம் ஒன்று கைவசம் இருக்கும். இன்றைக்கு எடுத்த படத்திலிருந்து அதைக் கழிப்பார்கள். மாறாதது எல்லாம் போய்விடும், மாறியது மட்டும் புள்ளியாக நிற்கும். கேட்பதற்குச் சுலபம். பனி, காற்று, ஃபோகஸ், எல்லாம் இரண்டு படத்திலும் ஒரே மாதிரி இருக்காது என்பதால், பிரகாசமான நட்சத்திரங்கள் கழிந்த இடமெல்லாம் வெள்ளையும் கறுப்புமாகத் தழும்பு நிற்கும். இசட்.டி.எஃப். ஒரே ராத்திரியில் லட்சக்கணக்கில் எச்சரிக்கை அனுப்பும். மாறும் விண்மீன்கள், சிறுகோள்கள், விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் துகளான காஸ்மிக் கதிர் சென்சாரில் பட்ட கீறல், கழித்தலில் வந்த குப்பை, எல்லாம் அதில் அடக்கம். மெஷின் லேர்னிங் முதலில் சலிக்கும், கடைசியில் மிஞ்சுவதை மனிதர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

நானும் நேற்று ராத்திரிப் படங்களைக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில், முந்தின படத்திலும் அடுத்த படத்திலும் இல்லாத ஒரு புள்ளி. வட்டமாக, அசல் நட்சத்திரம் போல. நெஞ்சு ஒரு தரம் அடித்தது.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனி வேனில் அத்தை வந்து இறங்கினார். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங். சனிக்கிழமை, சம்பள நாள், கையில் காரப்பொரிப் பொட்டலம். முகம் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்னங் கண்ணு, கறுப்புத் துணில ஓட்டையா?”

விளக்கினேன். முழுக்கக் கேட்கவில்லை. “துணில இருக்கறதா, மிஷின்ல வந்ததா? அத மொதல்ல பாக்கோணும். மத்ததையும் போடுங்க.”

கழித்த படங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினேன். அத்தை திரையில் விரலை வைக்கவில்லை, நகத்தைச் சற்றுத் தள்ளியே பிடித்து ஒரு கோடு இழுத்தார். துணி பார்க்கிறவர்கள் துணியைத் தொட்டு அழுக்காக்க மாட்டார்கள் போல. நகம் போன வழியில் என் புள்ளி. அதற்கு மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று, அப்புறம் இன்னொன்று. ஒவ்வொன்றும் வேறு வேறு நேரத்துப் படத்தில். ஏறக்குறைய சம இடைவெளி.

“நீடில் லைனுங் கண்ணு. ஊசி ஒண்ணு கோளாறுன்னா இப்படித்தான் நேர்ல வரும். துணி நல்லாத்தான் இருக்குது.”

அதேதான். உயரத்தில் உருண்டுகொண்டு போகும் செத்த சாட்டிலைட்டோ, ராக்கெட் துண்டோ. தன்னைத்தானே சுற்றும்போது ஏதோ ஒரு பக்கம் கண்ணாடி மாதிரிச் சூரிய ஒளியை ஒரு கணம் நம்மேல் அடிக்கும். விநாடியில் ஒரு பின்னம்தான். அதனால் கோடாக இழுபடாமல் புள்ளியாக விழும். ஒரே ஒரு படத்தை மட்டும் பார்த்தால் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது.

இதில் பெரிய பெரிய ஆட்களே தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். 1980-களின் நடுவில் பெர்சியஸ் மண்டலத்தில் ஏதோ மின்னுகிறது என்று கனடாவில் அமெச்சூர்கள் சொல்ல, பெரிய பேச்சானது. கடைசியில் சாட்டிலைட் பளபளப்பு என்று முடிந்தது. 2017 ஏப்ரலில் ஹவாயின் கெக் தொலைநோக்கியில், ஜி.என். இசட்11 என்ற, அப்போது தெரிந்தவற்றில் மிகத் தொலைவான கேலக்ஸியின் மேல் ஒரு மின்னல் பதிவானது. பிரபஞ்சத்தின் குழந்தைப் பருவத்தில் நடந்த காமாக் கதிர் வெடிப்பாக இருக்கலாம் என்று 2020 கடைசியில் ஒரு கட்டுரை வந்தது. அடுத்த வருஷமே இன்னொரு குழு கணக்குப் போட்டுக் காட்டியது: அந்த நேரத்தில், அந்த இடத்தைக் கடந்து போனது ரஷ்யாவின் புரோட்டான் ராக்கெட்டின் மேலடுக்கு. ஆயிரத்து முன்னூறு கோடி வருஷத்துக்கு முந்தைய ஒளி என்று நினைத்தது, நம் வீட்டு மாடிக்கு மேலே போன தகரம்.

ஞாயிறு, தாளவாடி

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் வழியாக மேலே. 27 கொண்டை ஊசி வளைவு. ராத்திரி வண்டிகளுக்குத் தடை உள்ள ரோடு என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே ஏறிவிட வேண்டும். பஸ் ஜன்னலில் பண்ணாரி வரை வெயில் அனல். பத்தாவது வளைவில் காற்று மாறியது.

கல்லூரிக் கூட்டாளியின் தோட்டம், முட்டைக்கோசு, ஓரத்தில் வாழை. ஊரில் பாதிப் பேர் கன்னடம், பாதிப் பேர் தமிழ், பெரும்பாலோருக்கு இரண்டும். இருட்டு என்றால் இதுதான் இருட்டு. சூரியன் போன பிறகு மேற்கே அடிவானத்திலிருந்து ஒரு வெளிர்க் கூம்பு சாய்வாக எழுந்து நின்றது. ஏதோ ஊர் வெளிச்சம் என்று நினைக்க வேண்டாம். கிரகங்களுக்கு நடுவே மிதக்கும் தூசியில் சூரிய ஒளி படுவது. கோவையில் இருபது வருஷம் இருந்தாலும் இதைப் பார்க்க முடியாது.

ஆனால் இருட்டுக்கு ஒரு விலை உண்டு. இங்கே யானை. நான் பரணில் ஏறிக்கொண்டேன், கேமரா பரணை ஒட்டிக் கீழே. காவலுக்கு இருந்த பெரியவரிடம், “ஐயா, டார்ச் மட்டும் இந்தப் பக்கம் அடிக்காதீங்க” என்று கேட்டுக்கொண்டேன். “அதுங்க இந்தப் பக்கம் வந்தா அடிக்கத்தானுங்க செய்வேன்” என்றார். நியாயமான பேச்சு. பதினோரு மணிக்கு மேற்குத் தோட்டத்தில் சத்தம், வெடி, நாலு டார்ச். அந்த நேரத்துப் படங்கள் எல்லாம் வெள்ளை. யானை வாழையோடு திரும்பிவிட்டது. ராத்திரி பூராவும் முழித்திருந்து ஒரு போகத்தைக் காப்பாற்றுகிறவரிடம் என் மாதிரி ஆள் அதிகம் பேச ஒன்றும் இல்லை.

சாட்டிலைட்டைத் தள்ளிவிட்டாலும் இன்னொரு கூட்டம் மிஞ்சும். நம் பால்வீதியின் சிவப்புக் குள்ள விண்மீன்கள். எண்ணிக்கையில் முக்கால்வாசி நட்சத்திரங்கள் அந்த இனம்தான், ஆனால் ஒன்றுகூட வெறும் கண்ணுக்குத் தெரியாது. காந்தப்புலம் முறுக்கிக்கொண்டு திடீரென்று சீறும்போது, நிமிஷங்களில் பல மடங்கு ஏறி, ஒரு மணி இரண்டு மணியில் அடங்கிவிடும். அடங்கிய நிலையில் மங்கலாக இருப்பதால், எங்கிருந்தோ புதிதாக முளைத்த மாதிரியே தோன்றும். ‘டீப் லென்ஸ் சர்வே’ என்ற தேடலில் கிடைத்த வேகமான மின்னல்களை வெகு தொலைவுச் சமாச்சாரம் என்று முதலில் நினைத்தார்கள். 2006-ல் ஸ்ரீநிவாஸ் குல்கர்ணியும் ஆர்னே ராவும் எழுதிய கட்டுரை, அது இந்தச் சிவப்புக் குள்ளர்கள் வேலை என்று காட்டியது. குல்கர்ணி கர்நாடகத்து ஹூப்ளியில் வளர்ந்தவர், இசட்.டி.எஃப்.பை முன்னின்று கொண்டுவந்தவர்.

ஆக, மிஞ்சும் சிலவற்றில் எதை நம்புவது? மங்கும் வேகத்தைப் பார். இசட்.டி.எஃப். தரவில் அதிவேக ஆசாமிகளைத் தேடுவதற்கென்றே ஒரு குழு எழுதிய மென்பொருள் இருக்கிறது. ஒரு நாளைக்கு 0.3 மேக்னிட்யூடுக்கு மேல் மங்குகிறதா என்று கேட்கும். ஒரே நாளில் கால் பங்கு வெளிச்சம் போய்விடுகிற மாதிரி. சாதாரண சூப்பர்நோவா இந்தக் கேள்வியில் தேறாது. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி, வெளியையே அதிரவைக்கும் ஈர்ப்பலையும் வந்து, 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் பதினோரு மணி நேரத்தில் ஒளியும் கிடைத்ததே, அது முதலில் நீலமாக இருந்து சில நாளிலேயே சிவந்து மங்கியது. அந்த மாதிரி ஒன்று ஈர்ப்பலைத் துப்பு இல்லாமல் வந்தாலும் பிடிக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கேள்வியின் நோக்கம்.

2022 பிப்ரவரி 11 அன்று அப்படித் தேடியபோது வேறொன்று மாட்டியது. தூரம் 850 கோடி ஒளியாண்டு. ஒரு பெருங்கருந்துளை பக்கத்தில் வந்த நட்சத்திரத்தைக் கிழித்து, அதில் ஒரு பகுதியை ஒளியின் வேகத்துக்கு நெருக்கமாக நம்மை நோக்கியே பீய்ச்சியது. இத்தனை வேகமாக மங்குகிறதே என்பதுதான் முதல் சந்தேகம். அதை வைத்துத்தான் உலகம் பூராவும் தொலைநோக்கிகள் திரும்பின. லடாக் ஹான்லேயில் இருக்கும் ‘குரோத் இந்தியா’ தொலைநோக்கியும் அதில் ஒன்று. கண்ணாடி 0.7 மீட்டர்தான். பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனமும் ஐ.ஐ.டி. பாம்பேயும் சேர்ந்து நடத்துவது, ஆள் இல்லாமல் தானே இயங்கும்.

ஏன் ஹான்லே முக்கியம் என்றால், பலோமரில் காலை ஆறு மணிக்கு வெளுக்கும்போது நமக்கு ராத்திரி ஏழரை, விளக்கு வைத்து முடிந்த நேரம். அவர்கள் கண்ணை மூடும்போது நாம் திறக்கிறோம். இரண்டு நாளில் சாகிற ஒளிக்குப் பன்னிரண்டு மணி நேர இடைவெளி விழுந்தால் பாதிக் கதை போச்சு. இந்தத் தீர்க்கரேகையில் இருட்டான இடம் வைத்திருப்பது, என்னைக் கேட்டால், பெரிய கண்ணாடி வைத்திருப்பதற்குச் சமமான சொத்து.

சிலியில் வந்திருக்கும் ரூபின் ஆய்வகத்தைச் சொல்லி எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். 8.4 மீட்டர் கண்ணாடி, 3,200 மெகாபிக்சல் கேமரா, 2025 ஜூனில் முதல் படங்கள். நானும் பிளந்தவன்தான். ஆனால் தெற்கு வானம் பூராவையும் பார்க்க வேண்டிய கடமை அதற்கு இருப்பதால், ஒரே கட்டத்துக்குத் திரும்பி வரச் சில நாட்கள் ஆகும். வேகமாக மங்குவது அதற்கு ஒரே ஒரு புள்ளியாகக் கிடைத்துவிட்டுப் போகலாம். அடிக்கடி திரும்பி வருகிற சின்னக் கண்களுக்கு வேலை போகாது என்றே நினைக்கிறேன்.

திங்கள், சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்ட்

கோயம்புத்தூர் வண்டி வர இன்னும் நேரம் இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் லேப்டாப். தாளவாடிப் படங்களைக் கழித்துப் பார்த்தாகிவிட்டது. டார்ச் விழுந்தவை போக மீதியில் மூன்று புள்ளிகள். ஒன்று சிறுகோள், பட்டியலில் பெயர் இருக்கிறது. ஒன்று பக்கத்துப் படத்தில் நீளக் கோடாகத் தொடர்கிறது, சாட்டிலைட். மூன்றாவது ஒரே பிக்சலில் கூராக நிற்கிறது, காஸ்மிக் கதிர். நட்சத்திரம் என்றால் நாலு பிக்சலுக்காவது பரவியிருக்கும். புதிது ஒன்றும் இல்லை. இதை எதிர்பார்த்துத்தான் வந்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். சாட்டிலைட்டைக் கழிக்க இரண்டாவது கேமராவைப் போல நல்ல வழி இல்லை. 50 கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் அதே நேரத்தில் அதே கட்டத்தை எடுத்தால், 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சாட்டிலைட் பின்னால் இருக்கும் நட்சத்திரங்களை வைத்துப் பார்க்கும்போது நிலாவின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு விலகித் தெரியும். 135 மி.மீ. லென்ஸில் அது தாராளமாகத் தெரிகிற விலகல். அசல் நட்சத்திர ஒளி இம்மிகூட நகராது.

பங்குனி அமாவாசைக்கு நான் மறுபடி காங்கேயம் கொறங்காட்டில் இருப்பேன். உடுமலை, கரூர், அந்தியூர், எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி, கேமராவும் டிராக்கரும் வைத்திருப்பவர்கள் உத்திரத்துக்கும் அஸ்தத்துக்கும் நடுவில் வைத்து, இரவு பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை, 60 விநாடிப் படங்களாக எடுங்கள். கேமராக் கடிகாரத்தை முன்கூட்டியே செல்போன் நேரத்தோடு விநாடி சுத்தமாகச் சரி செய்துகொள்ளுங்கள், அது தப்பினால் எல்லாம் வீண். ஜேபெக் வேண்டாம், ரா ஃபைல். லென்ஸ் கழுத்துக்கு ஒரு கம்பளித் துண்டு மறக்க வேண்டாம்.

வண்டி வந்துவிட்டது. ஜன்னல் சீட்டு காலி.